சுவரை எடுத்த ஆபீஸில் மூன்று வருஷம்

2022ல் எல்லோரையும் மறுபடி ஆபீஸுக்குக் கூப்பிட்டபோது சென்னை பெருங்குடியில் புது இடம் எடுத்தோம். நாற்பத்தைந்து பேர். கேபின் வேண்டாம், தடுப்பு வேண்டாம், ஒரே ஹாலில் உட்கார்ந்தால்தான் டீம்கள் கலந்து பேசும் என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருத்தன். மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் கடைசி மேஜைவரை வரும், யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். அப்புறம் ஒவ்வொருவராக ஹெட்ஃபோன் மாட்ட ஆரம்பித்தார்கள். வாயைத் திறந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம்கூட சாட்டில்தான் கேள்வி போனது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, ஒரு சந்தேகம், மாடிப்படிக்கு வர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து ஒரு டேட்டாபேஸ் க்வெரியைச் சரிபார்த்தோம், ஐந்து நிமிஷ வேலை. பேசுவதற்காகக் கட்டிய ஹாலை விட்டுப் பேசுவதற்காக வெளியே போகிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகத்தில், தடுப்புகளை எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களுக்கு சென்சார் மாட்டி அளந்து 2018ல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது, மெயிலும் மெசேஜும் கூடியிருந்தன. அதை முன்பே படித்திருந்தால் எங்கள் பிளானை அப்படி வரைந்திருக்க மாட்டோம்.

சத்தம்தான் பிரச்சினை என்று முதலில் நினைத்தோம். ஆனால் ஏசி இரைச்சலைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. வேலையைக் கெடுப்பது புரிகிற பேச்சு. சப்போர்ட் டீம் பையன் போனில் "சார், ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்வது முப்பது அடி தள்ளி என் காதில் விழுந்தால், மனசில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அங்கேயே அறுந்துவிடும். தரையில் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே ஃபால்ஸ் சீலிங் போடாமல் விட்ட கான்கிரீட், இதில் பேச்சை உறிஞ்ச எதுவுமே இல்லை. இரண்டாவது வருஷம் மேலே மினரல் ஃபைபர் பலகைகள் தொங்கவிட்டோம், நடைபாதையில் கார்பெட் போட்டோம், எதிரெதிர் மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் மறைக்கிற, நின்றால் முகம் தெரிகிற உயரத்தில் துணி போர்த்திய தடுப்பு வைத்தோம். நாள் முழுக்கப் போனில் இருக்கும் சப்போர்ட் டீமுக்குக் கதவு உள்ள அறையே கொடுத்துவிட்டோம், அதில்தான் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

போன் பேச ஆசாரியை வைத்து பிளைவுட்டில் இரண்டு சின்ன அறை அடித்தோம். காற்றுக்கு வழி விட மறந்துவிட்டோம், பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும், ஒருத்தரும் உள்ளே போகவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகு 11 மணிக்கு மேல் அறை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

பேச்சு உண்மையில் கூடியது காபி மெஷினை நகர்த்தியபோதுதான். பின்கோடியில் பேன்ட்ரியில் இருந்ததை டிசைன் டீமுக்கும் டெவலப்பர்களுக்கும் நடுவில் கொண்டுவந்து, பக்கத்தில் நின்றுகொண்டே டம்ளர் வைக்க ஒரு பலகையும் சுவரில் ஒரு ஒயிட்போர்டும் வைத்தோம். தூரம் கூடக் கூட இன்ஜினியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது மளமளவென்று குறைகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களிலேயே காட்டியிருக்கிறார், எங்கள் ஹாலில் இருபதடி நகர்த்தியதற்கே வித்தியாசம் தெரிந்தது. காலையில் வந்தால் போர்டில் பாதி அழித்த பாக்ஸும் அம்புக்குறியும் இருக்கும், மேலே "அழிக்காதீங்க" என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

ஏசி மட்டும் இன்னும் சரியாகவில்லை. வென்ட்டுக்குக் கீழே உட்காருகிற நாலு பேர் சித்திரை மாசத்திலும் சால்வையோடுதான் வருகிறார்கள். இடம் எடுப்பவர்கள் மேஜை பிளானை ஏசி டக்ட் வரைபடத்தின் மேலேயே வைத்து வரையச் சொல்லுங்கள், நாங்கள் அதைத் தனித்தனியாக வரைந்துவிட்டோம்.