1966 மஸ்டாங்: அடிபட்டதை வாங்கலாமா, துருப்பிடித்ததை வாங்கலாமா?

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று அமெரிக்காவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என்ன மாடல் என்று கேட்டுவிட்டு அடுத்ததாக "டைட்டில் கிளீனா?" என்பார்கள். அதாவது, உரிமைப் பத்திரத்தில் சேத முத்திரை எதுவும் இல்லையே என்று. சால்வேஜ், அதாவது முத்திரை விழுந்தது என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். கிளீன் என்றால் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் தலையாட்டுவார்கள். இரண்டுமே அவசர முடிவு என்பது என் கட்சி. பத்திரத்தில் உள்ள முத்திரையைப் பார்ப்பதற்கு முன்னால், அடி எங்கே விழுந்திருக்கிறது, துரு எதுவரை போயிருக்கிறது என்று தகட்டைப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு 1966 ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு வருட மாடலே 6 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால் இன்றும் சந்தையில் நல்லதும் கெட்டதுமாக நிறையக் கிடைக்கிறது. கையில் ஓரளவு காசு, ஒரு ஷெட், சனி ஞாயிறு நேரம் உள்ளவருக்கு நான்கு வழிகள். அடிபட்டு, பழுதுபார்க்காமல், சால்வேஜ் டைட்டிலோடு நிற்கிற வண்டி ஒன்று. கிளீன் டைட்டிலோடு ஏதோ கொட்டகையில் வருடக்கணக்கில் துருவேறிக் கிடக்கிற வண்டி இன்னொன்று. யாரோ சரிசெய்து 'ரீபில்ட்' முத்திரையும் வாங்கிவிட்டது மூன்றாவது. கூடுதல் காசு கொடுத்து நேராக ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வரக்கூடிய சாதாரண வண்டி நான்காவது.

முத்திரை எப்படி விழுகிறது

டைட்டில் என்பது மாநில அரசு தரும் உரிமைப் பத்திரம். விபத்துக்குப் பிறகு, சரிசெய்தால் கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் 'டோட்டல் லாஸ்' ஆக்கிவிட்டால் அது சால்வேஜ் டைட்டிலாக மாறும். அந்த டைட்டிலோடு சாலையில் ஓட்டக் கூடாது. சரிசெய்து, மாநிலம் கேட்கும் சோதனைக்குக் காட்டினால் ரீபில்ட் ஆகும். அந்த முத்திரை பிறகு வண்டியை விட்டுப் போகாது.

கட்டுப்படியாகாது என்பதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கணக்கு. டெக்சாஸில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பையே தாண்ட வேண்டும். ஃபுளோரிடாவில் 80 சதவீதத்தைத் தொட்டாலே போதும். வயதான வண்டிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாத மாநிலங்களும் உண்டு. ஆக, ஒரே அடி ஓரிடத்தில் முத்திரையாகும், இன்னோரிடத்தில் ஒன்றுமே ஆகாது.

பழைய கார்களில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. கிளாசிக் வண்டிகளுக்கென்று தனிக் காப்பீடு உண்டு. அதில் வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வார்கள். அதை எடுக்காமல் அன்றாட காருக்கு எடுக்கிற சாதாரணப் பாலிசியில் ஓட்டிக்கொண்டிருந்தவரின் வண்டிக்கு, வெறும் பழைய கார் என்று குறைந்த மதிப்புதான் போடுவார்கள். மதிப்பு குறைந்தால் சின்ன அடிகூட டோட்டல் லாஸ் ஆகிவிடும். ஒரு மட்கார்டு, ஒரு கதவு, கொஞ்சம் குரோம், பெயிண்ட், அவ்வளவுதான்! இப்படி முத்திரை வாங்கிய வண்டிதான் தேடிப் பிடிக்க வேண்டியது.

மறுபக்கம், கிளீன் டைட்டில் என்றால் அடிபடாத வண்டி என்று அர்த்தமில்லை. 60 வருட வண்டி அது. 1970களில் எங்கோ மோதி, காப்பீட்டுக்குப் போகாமல் ரொக்கமாகக் கொடுத்துப் பக்கத்துப் பட்டறையில் தட்டி நிமிர்த்தியிருந்தால் எந்தப் பதிவிலும் இருக்காது. இன்றைய கார்களைப் போல இணையத்தில் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைத் தட்டி வரலாறு பார்க்கவும் வழியில்லை. 17 இலக்க எண் 1981 மாடலில்தான் வந்தது. மஸ்டாங்குடையது 11 இலக்கம். நாடு தழுவிய டைட்டில் தகவல் அமைப்புக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தகவல் கொடுக்கத் தொடங்கியதும் 2009ல்தான்.

அடியும் துருவும்

உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். இங்கே நான் அடிபட்ட வண்டியின் பக்கம்.

1966 மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகள், முன்பின் நீளக் கட்டைகள் (எஃகுச் சட்டங்கள்) எல்லாம் ஸ்பாட் வெல்டிங்கில் ஒரே கூடாகச் சேர்ந்தவை. மோதல் இந்தக் கூட்டை ஒரு பக்கத்தில் வளைக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று அளந்துவிடலாம். ஃபோர்டின் பட்டறைக் கையேட்டில் அடிப்பக்க அளவுகள் இருக்கின்றன. முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் நடுவே 108 அங்குலம் இருக்க வேண்டும். குறுக்குவாட்டில் இரு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்துப் பார்த்து, இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் கூடு திருகியிருக்கிறது. அடி எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால் செலவையும் ஏறக்குறைய சொல்லிவிடலாம். மஸ்டாங்குக்கு மட்கார்டு, பின்பக்கத் தகடு, தரை, நீளக் கட்டை என்று கிட்டத்தட்ட எல்லாமே புதிதாக அடித்து விற்கிறார்கள்.

துரு அப்படியில்லை. கறையான் அரித்த நிலைக்கதவு மாதிரி, மேலே வார்னிஷ் பளபளப்பாக இருக்கும், விரல் வைத்தால் உள்ளே போகும். இந்த வண்டியில் அதற்குப் பேர்போன இடம் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத்துளைப் பகுதி. இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய பெட்டி அது. மழைத் தண்ணீர் துளை வழியாக உள்ளே இறங்கி இரு பக்கமும் வெளியே வடிய வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே தங்கித் தகட்டைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. பார்க்க ஒரே வழி, ஒரு குடம் தண்ணீர். துளைகளில் மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து டார்ச் அடியுங்கள். காலடி விரிப்பில் சொட்டினால் உள்தகடு போய்விட்டது. அதை மாற்ற மட்கார்டுகளைக் கழற்றி, முன்கண்ணாடியை எடுத்து, வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். நாள் கணக்கில் போகும் வேலை. தண்ணீர் ஊற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையா? அதுவே பதில்.

காற்றுத்துளையிலிருந்து ஒழுகிய தண்ணீர் தரைத்தகட்டை அரிக்கும், அப்புறம் பக்கவாட்டுப் பெட்டி, அப்புறம் நீளக் கட்டை. ஒன்றை வெட்டி எடுத்தால், புதுத் தகட்டை ஒட்டுவதற்கு நல்ல விளிம்பே இருக்காது. இன்னும் கொஞ்சம் வெட்டுவீர்கள். இப்படியே போய்க் கடைசியில் முழுக்கூடே மாற்றவேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். மஸ்டாங்குக்குப் புதுக்கூடும் விற்பனையில் உண்டுதான், ஆனால் அதை வாங்குகிற காசுக்கு ஓடுகிற வண்டியே வாங்கிவிடலாம். மணிக்கு நூறு டாலர் கேட்கிற பட்டறையில் துரு வேலைக்கு முன்கூட்டியே மதிப்பீடு கேட்டால், நேர்மையான டிங்கர் சிரிப்பார்.

ஒரு எச்சரிக்கை. சால்வேஜ் முத்திரைக்கு விபத்துதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கியதற்கும், திருடு போய்த் திரும்பியதற்கும் அதே முத்திரை விழும். கணினி எதுவும் இல்லாத இந்த வண்டிக்கு நல்ல தண்ணீர் வெள்ளம் அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. கடல் தண்ணீர் என்றால் தொடவே வேண்டாம். நான் துருவுக்கு எதிராகச் சொன்னதெல்லாம் அங்கே உப்போடு சேர்ந்து வேகமாக நடக்கும்.

அடி எங்கே என்பதுதான் கேள்வி

அடிபட்ட வண்டிகளிலும் என் வரிசை இது: பின்னால் இடிபட்டது முதலில், கூபேயில் (இரும்புக் கூரை உள்ள இரண்டு கதவு வண்டி) பக்கவாட்டு அடி அடுத்து, முன்னால் மோதியது கடைசி. உருண்டது பட்டியலிலேயே இல்லை. கன்வெர்ட்டிபிளில் பக்கவாட்டு அடியும் வேண்டாம். மேற்கூரை இல்லாததால் அந்த வண்டியின் பலமெல்லாம் பக்கவாட்டுப் பெட்டியில்தான்.

பின்னால் இடிபட்டதில் ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்த மாடலில் பெட்ரோல் டாங்க்தான் டிக்கியின் தரை. டாங்கின் மேல்தகட்டின் மீதுதான் சாமானை வைக்கிறோம். நசுங்கிய டாங்க் என்றால் தட்டி நிமிர்த்துகிற பேச்சே கூடாது, புதிதுதான் போட வேண்டும்.

முன்னால் மோதியது ஏன் கடைசி? வளைவு நெளிவுக்காக மட்டும் இல்லை. 1966ல் வின் எண்ணை அடித்திருக்கும் இடம் அங்கேதான். பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்க மட்கார்டின் உள்விளிம்பைப் பாருங்கள். சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்த இடைவெளி வழியாக உள்தகட்டில் எண் தெரியும். 6-எஃப்-07-சி என்று தொடங்கினால் 1966, டியர்பார்ன் ஆலை, கூபே, 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) என்று படிக்கலாம். எஃப் இருக்கிற இடத்தில் ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டுச்சென். சட்டப்படி வண்டியின் அடையாளம் இதுதான். ஓட்டுநர் கதவில் ரிவெட் அடித்த தகடு ஒன்றும் இருக்கிறது. ஆனால் கதவு மாறினால் அது போய்விடும், புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள்.

முன்மோதலில் நசுங்குவது சரியாக இந்த உள்தகடுதான். பழுதுபார்ப்பவர் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டினால் எண்ணும் குப்பைக்குப் போய்விடும். பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டில் ஒட்டினாலோ, திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலையும் அதுவேதான் என்பதால், சோதனை அதிகாரி சந்தேகப்படுவார். மாநிலம் வேறு எண் ஒதுக்கித் தர வழி உண்டு, ஆனால் அதோடு அசல் வண்டி என்ற பேச்சு முடிந்தது. 1968 மாடலில்தான் கண்ணாடி வழியாகத் தெரியும்படி டேஷ்போர்டு மேலும் எண் வந்தது. இதில் ஏமாற்றும் உண்டு: சி இருக்கிற இடத்தில் 271 குதிரைத்திறன் எஞ்சினுக்கு உரிய கே எழுத்து உள்ள எண்ணுக்கு நல்ல விலை. முன்பக்கம் மாற்றப்பட்ட வண்டியில் கே என்று யாராவது காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள். 1967 மாடல் தொடங்கி வந்த ஃபோர்டு வண்டிகளுக்குத் தயாரிப்புப் பதிவேட்டிலிருந்து காசு கொடுத்து அறிக்கை வாங்கலாம், 1966க்கு அந்த வசதி கிடையாது.

சரிசெய்து வைத்தது, சாதாரணமாக ஓடுவது

ரீபில்ட் வண்டி பார்க்க அழகாக இருக்கும், சிக்கலே அதுதான். வேலை பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. பல மாநிலச் சோதனைகளின் முதல் நோக்கம் திருட்டு உதிரிபாகம் இருக்கிறதா என்று பார்ப்பது. வெல்டிங்கின் உறுதியை யாரும் அளப்பதில்லை. காந்தம் வைத்துப் பார்த்தால் பட்டி எவ்வளவு கனமாகப் பூசியிருக்கிறது என்று கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். வேலைக்கு முன்னும் நடுவிலும் எடுத்த படங்களும், வாங்கிய தகடுகளின் ரசீதுகளும் இருந்தால் பேசலாம். இல்லையென்றால், எனக்கு நசுங்கிய நிலையில் நிற்பதே மேல். அங்கே எதையும் மறைக்க முடியாது.

நான்காவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்ட வேண்டும் என்ற ஆசைதான் முக்கியம் என்றால் ஆறு சிலிண்டர் கூபே ஒன்றை வாங்கிவிடுங்கள். வி8 மோகத்தில் யாரும் சீந்தாததால் விலை குறைவு, 200 கன அங்குல எஞ்சினும் நன்றாக உழைக்கும். பிரேக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: 1966ல் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்று, எங்கே ஒழுகினாலும் மொத்தமாகப் போய்விடும். இரட்டைச் சுற்று 1967ல்தான் வந்தது.

கணக்கு

முத்திரை விழுந்த வண்டி விற்கும்போது 20 முதல் 40 சதவீதம் குறைவாகப் போகும் என்பது சந்தையில் புழங்கும் பேச்சு. வாங்கும்போது அதே தள்ளுபடி உங்களுக்கும் கிடைத்தால் சரிக்குச் சரி. ஆனால் பழுதுக்குப் போட்ட காசு அந்தத் தள்ளுபடியில் கரைந்துவிடும். அதனால் இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம் என்று நினைப்பவருக்கு சால்வேஜ் ஒத்துவராது. வங்கிக் கடன் பெரும்பாலும் கிடைக்காது. ஏலத்தில் எடுத்தால் ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், லாரி வாடகை, தாமதமானால் இடவாடகை என்று ஒட்டிக்கொண்டே வரும்.

அபூர்வ வண்டிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மோதி எரிந்துபோன 1954 ஃபெராரி 500 மொண்டியால் ஒன்றின் கருகிய எச்சம் 2023ல் மான்டரே ஏலத்தில் 18.75 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே காசு எண்ணுக்கும் வரலாற்றுக்கும். 6 லட்சத்தில் ஒன்றான மஸ்டாங்குக்கு அந்த நியாயம் பேசி யாராவது விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

என் காசாக இருந்தால் அரிசோனா மாதிரி வறண்ட மாநிலத்தில் இருந்த, பின்னால் இடிபட்ட, இன்னும் யாரும் கை வைக்காத சி எழுத்துக் கூபேயைத்தான் சால்வேஜ் டைட்டிலோடு தேடுவேன். பணம் கொடுப்பதற்கு முன் மூன்று பேரிடம் பேச வேண்டியிருக்கும். டைட்டிலில் 'சால்வேஜ்' என்றுதான் இருக்கிறதா, மறுபடி பதிவே செய்ய முடியாத வகையா என்று என் மாநில வண்டிப் பதிவு அலுவலகத்தில். ரீபில்ட் ஆன பிறகு பேசி முடித்த மதிப்புக்குக் காப்பீடு தருவார்களா என்று கிளாசிக் காப்பீட்டு நிறுவனத்தில், எழுத்தில். கூட்டை இழுத்து நிமிர்த்தும் பட்டறைக்காரரிடம் அடிப்பக்கப் படங்களைக் காட்டி ஒரு தொகை. மூன்றில் ஒன்று இழுத்தடித்தாலும், ஆறு சிலிண்டர் கூபே விளம்பரங்களைத் திறந்துவிடுவேன்.