சிங்கப்பூர் பக்கேஜும் என் சீ.ஆர். கொப்பியும்

பங்குனி மாதம் நானும் அக்காவும் சிங்கப்பூருக்குப் போய்வந்தோம். நான்கு இரவு, ஐந்து பகல். கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் இருந்து வயதான பெண்கள் இருவர் வெளிநாடு போகிறார்கள் என்றால் ஊரில் ஒரே கேள்விதான்: அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை, துறைமுகம் பார்க்கப் போகிறோம் என்று அக்கா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் அது உண்மை. எங்கள் அப்பா கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். 1958 கலவரத்தோடு வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையாக இருந்த அக்காவையும் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே காணி எடுத்து வயல் செய்தார். வரம்பில் நின்றுகொண்டும் கப்பல் கதைதான் சொல்வார். சிங்கப்பூரில் இருந்து வரும் கப்பல்களின் பெயர்கள் சாகும்வரை அவருக்கு மனப்பாடம். இந்தியாவுக்கு நேர்த்தி தீர்க்கப் போனதை நாங்கள் உல்லாசப் பயணமாகக் கணக்கெடுப்பதில்லை. அதனால் இதுவே முதற்பயணம்.

இரண்டு வருடம் கட்டிய சீட்டுக் காசுடன் கிளிநொச்சியில் ஒரு பயண முகவரிடம் போனோம். ஒருவருக்கு 2,85,000 ரூபாய். விமான ரிக்கெட், அறை, காலைச் சாப்பாடு, வீட்டில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான், பார்க்கும் இடங்கள் என்று எல்லாம் அடக்கம். முகவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கடையில் இருக்கும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அதிலும் ஒருவனைப் பிறந்த கிழமையில் தராசில் நிறுத்துப் பார்த்தவளே நான்தான். முப்பத்திரண்டு வருடம் தாய், சேய் நலம் பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்தேன். எதையும் கொப்பியில் பதிந்து வைக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஆகவே இந்த மதிப்பீடு, சீ.ஆர். கொப்பி என்று நாங்கள் சொல்லும் என் தடித்த குறிப்பேட்டைப் பார்த்தே எழுதப்படுகிறது.

முதலில் வானைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்கு முழுப் புள்ளி. இரவு ஏழு மணிக்கு முற்றத்துக்கே வந்தது. கொழும்புக்குள் நுழையாமல் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக அதிகாலையில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டது. நீர்கொழும்பில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அக்கா வெற்றிலைப் பையைத் திறந்தார். ஓட்டுநர் தம்பி திடுக்கிட்டு, "அம்மா, இந்தப் புகையிலையையும் கொண்டா போகிறீர்கள்?" என்று கேட்டார். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவது குற்றம். சிகரெட்டுக்குக்கூட அங்கே தீர்வைச் சலுகை கிடையாது. ஒரு பெட்டியானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். முகவர் தந்த அறிவுறுத்தல் தாளில் குடை கொண்டுவரவும் என்று இருந்தது, புகையிலை பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் பகுதியில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை விமானம் ஏற்றுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய விடயம் இதுவல்லவா? அக்கா புகையிலையை ஓட்டுநரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது ஒரு துண்டும் குறையாமல் அவர் அதைக் கையில் கொடுத்தார்.

அடுத்தது 'இ-விசாக் கட்டணம்' என்று பற்றுச்சீட்டில் இருந்த 3,500 ரூபாய். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் குறுகிய விடுமுறைக்குச் சிங்கப்பூர் போக விசாவே தேவையில்லை. தேவைப்படுவது வருகை அட்டை ஒன்றுதான். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு ஒரு சதமும் இல்லை. கட்டுநாயக்கவில் எங்களுக்குப் பின்னால் நின்ற மாணவி ஒருத்தி வரிசையில் நின்றபடியே கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் நிரப்பி முடித்தாள். நான் கொப்பியை எடுத்து 3,500ஐ இரண்டால் பெருக்கி அடியில் கோடிட்டுக்கொண்டேன்.

நான்கு மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் இயந்திரம் முகத்தையும் விரலையும் பார்த்துக் கதவைத் திறந்துவிடுகிறது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை, அனுமதி மின்னஞ்சலுக்கு வருகிறது. ஊரில் காட்டுவதற்கு ஒரு முத்திரைகூட இல்லையே என்று அக்காவுக்குப் பெரிய மனக்குறை.

தங்கிய இடம் லிட்டில் இந்தியாவில். இந்தத் தெரிவுக்காக முகவரைப் பாராட்டுகிறேன். சேரங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் நடந்துபோகும் தூரம், தேக்கா சந்தை அதைவிடக் கிட்ட. பூக்கடைக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். அங்கே டொலரை வெள்ளி என்கிறார்கள். 'மூன்று வெள்ளி' என்று கேட்டதும் அக்கா நகைக்கடை நினைவில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அறைதான் சரியில்லை. ஜன்னல் இல்லை. திரைச்சீலை இருந்தது, விலக்கினால் சுவர். அந்த நகரத்தில் மலிவான ஹோட்டல்களில் இப்படி அறைகள் சாதாரணம் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். சாதாரணம் என்றால் பணம் கட்டுமுன் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். விடிந்ததா இல்லையா என்று பார்க்க அக்கா ஒவ்வொரு நாளும் மின்தூக்கியில் கீழே போய்வந்தார். நீங்கள் முன்பதிவு செய்வதானால் ஜன்னல் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது 'பார்க்கும் இடங்கள்'. முதல் நாள் மெர்லயன் சிலை. 8.6 மீட்டர் உயரம், சிங்கத் தலை, மீன் உடல். இருபது நிமிடம் போதும், எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாம் நாள் முழுவதும் செந்தோசாத் தீவில் கேளிக்கைப் பூங்கா. அறுபத்தெட்டு வயதான, முழங்கால் வலி உள்ள ஒருவரைத் தலைகீழாகச் சுற்றும் இரும்புப் பாதைக்கு முன்னால் கொண்டுபோய் விடுவதன் நோக்கம் எனக்கு விளங்கவில்லை. வாங்கு ஒன்றில் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கேஜிலேயே விலை கூடிய ரிக்கெட் அதுதான். மூன்றாம் நாள் இரவு 'கார்டன்ஸ் பை த பே ஒளிக்காட்சி, கட்டணம் உள்ளடங்கும்'. உள்ளடங்கிய கட்டணம் எது என்று இன்றுவரை தெரியாது. அந்த இரும்பு மரங்களின் கீழே ஒவ்வொரு இரவும் 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் காட்சியை எவரும் புல்லில் படுத்திருந்து இலவசமாகப் பார்க்கலாம். கண்ணாடி மண்டபங்களுக்குள் போகத்தான் ரிக்கெட். நாங்கள் அவற்றுக்குள் போகவில்லை.

ஐந்து நாட்களின் நிரலில் துறைமுகம் என்ற சொல்லே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றைக் கொண்ட நகரத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு கப்பலைக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் 'ஷொப்பிங்' என்று போட்டிருந்தது. வழிகாட்டியிடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டோம். ரயில் நிலையத்தில் பத்து வெள்ளிக்கு ஈஸி-லிங்க் அட்டை ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அதில் ஐந்து வெள்ளி பயணத்துக்கு. ரயிலிலும் பஸ்ஸிலும் அதைத் தட்டி ஏற வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். அறிவிப்புப் பலகைகளில் நான்கு மொழி, அதில் ஒன்று தமிழ். வேலி அடைத்த ஒரு கட்டட வேலைத்தளத்தில் 'ஆபத்து' என்று தமிழில் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்து நடுவீதிக்கு இழுத்துவிட்டார். மீள்குடியேறிய காலத்தில் எங்கள் காணி ஓரத்தில் நின்ற கண்ணிவெடிப் பலகைகளின் பழக்கம். அங்கே அதன் பொருள் தலையில் கல் விழலாம் என்பது மட்டும்தான்.

நாங்கள் போன இடம் மரினா அணைக்கட்டு. கார்டன்ஸ் பை த பேயில் இருந்து நடந்தே போகலாம், கட்டணம் இல்லை. இதைத்தான் நான் கொப்பியில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். கடலின் வாயில் 350 மீட்டர் நீளத்துக்கு 2008இல் கட்டி முடித்த அணை. படங்களில் எல்லோரும் பார்க்கும் அந்த மரினா குடா இப்போது கடல் அல்ல, குளம். உவர்நீரை வெளியே நிறுத்தி, மழைநீரைத் தேக்கி, குடிநீருக்கு எடுக்கிறார்கள். நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை அங்கேதான் வந்து சேர்கிறது. மிகுதி நீரை வெளியே விட ஒன்பது வான் கதவுகள். பெருமழை பெய்யும்போது கடல் வற்றாக இருந்தால் கதவுகளைச் சாய்த்துத் தண்ணீரை விடுகிறார்கள். கடல் பெருக்காக இருந்தால் கதவைத் திறக்க முடியாதே, உள்ளேயல்லவா பாயும்? அதற்கு ஏழு பெரிய பம்பிகள் வெள்ளத்தை இறைத்துக் கடலுக்குள் தள்ளுகின்றன.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன காட்ட வேண்டும்? 2018 மார்கழியில் இரணைமடு வான் கதவுகள் திறந்த இரவில் ஊரே விழித்திருந்தது. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கும் திட்டத்தைப் பற்றி அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன், அவருக்குப் பிறகும் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு நகரத்தின் நடுவில் அதே யோசனை, கைப்பிடிச் சுவரும் வண்ண விளக்குமாக நிற்கிறது. அக்கா கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

அணையின் கூரை ஒரு புல்வெளி. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்பக்கம் திரும்பினால் கப்பல்கள். நங்கூரமிட்டு, முறை வரும்வரை காத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டியவரை. நான் நாற்பத்தொன்று வரை எண்ணிக் கைவிட்டேன். அக்கா ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பசிக்கிறது என்றார்.

தேக்கா சந்தைக் கீழ்த்தளத்துக் கடைகளில் இருவரும் பத்து வெள்ளிக்குள் தோசையும் கோப்பியும் முடித்தோம். பாலில்லாத கோப்பிக்கு 'கோப்பி ஓ' என்று சொல்ல வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். பக்கேஜில் தந்த இரவுச் சாப்பாடு ஆறிய சோறும் இனிக்கும் குழம்பும், அதைப் பற்றி வேறு எழுத ஒன்றும் இல்லை. குளிரூட்டிய உணவகங்களில் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கள். பத்து வீதம் சேவைக் கட்டணமும் ஒன்பது வீத வரியும் பில்லில் ஏறும்.

கடைசி நாள் காலை கத்தோங் பகுதியில் சிலோன் வீதிக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் இருந்து போன தமிழர்கள் ஒரு செண்பக மரத்தடியில் தொடங்கிய செண்பக விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. இதுவும் நிரலில் இல்லை. அக்கா தேங்காய் உடைத்தார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வானுக்கும் விமானத்துக்கும் அறை இருந்த இடத்துக்கும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முகவர் இருந்தால் ரிக்கெட்டையும் அறையையும் மட்டும் அவரிடம் எடுங்கள், நாட்களை விற்க விடாதீர்கள்.

திரும்பி வந்த கிழமை கொப்பியோடு கடைக்குப் போனேன், அக்காவும் வந்தார். வருகை அட்டைக் கணக்கைக் காட்டினேன். பிள்ளை உள்ளே போய்ப் பேசிவிட்டு 7,000 ரூபாயைக் கடித உறையில் போட்டுத் தந்தது. கூடவே, "அன்ரி, அடுத்த முறை ஹொங்கொங் போகலாம்" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தையும் நீட்டியது. நான் காசை எண்ணினேன். துண்டுப்பிரசுரத்தை அக்கா வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வாசித்தார்.

"தம்பி, இதில் துறைமுகம் எந்த நாள்?"

பிள்ளை அதைத் திரும்ப வாங்கித் தேடத் தொடங்கியது.