எட்டு வாரம், 470 வெள்ளி, ஒரு கோடு போடத் தெரியவில்லை

சிங்கப்பூரில் சீனத் தூரிகை எழுத்து கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற நம்மவர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்குச் சீனம் வாசிக்க வராது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் எதிர்வீட்டு அங்கிள் சிவப்புத் தாளில் தன் கையாலேயே எழுதி வாசலின் இரண்டு பக்கமும் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. அவரிடமே கேட்டிருக்கலாம், கூச்சம். ஃபேஸ்புக்கில் கண்ணில் பட்ட ஒரு தனியார் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரத்துக்கு 320 வெள்ளி, அப்புறம் அவர்களிடமே வாங்கியாக வேண்டும் என்ற கருவிப்பெட்டிக்கு 150.

முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். எழுத்துகள் வெளிர் சாம்பல் நிறத்தில் அச்சாகியிருக்கும், அதன்மேல் மையை நிரப்ப வேண்டியதுதான். இரண்டு மணி நேரத்தில் எல்லார் கையிலும் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று, கூடவே ஒரு செல்ஃபி. எட்டு வாரமும் இதே கதை. அச்சின்மேல் எழுதுவது தப்பில்லை, சீனப் பிள்ளைகளும் சிவப்பு அச்சின்மேல் எழுதித்தான் பழகுவார்கள், ஆனால் எங்கே அழுத்துவது எங்கே தூக்குவது என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்வார். 'யோங்' என்று ஓர் எழுத்து இருக்கிறது, எட்டு அடிப்படைக் கோடுகளும் அதற்குள் அடங்கிவிடும் என்பதால் அதை வைத்துத்தான் காலங்காலமாகப் பழகுகிறார்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சே எழவில்லை.

கடைசி வாரம் பெருமையாக அங்கிளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒன்று எழுது" என்றார். சீனத்தில் ஒன்று என்பது ஒரே ஒரு படுக்கைக் கோடு. போட்டேன், கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தது. அவர் போட்டுக் காட்டினார்: தூரிகை செங்குத்தாக நிற்கிறது, நுனியை முதலில் இடப்பக்கம் எதிர்த்திசையில் வைத்து உள்ளே மறைத்து, திருப்பி அழுத்தி, நுனி கோட்டின் நடுவிலேயே ஓடும்படி இழுத்து, முடிவில் லேசாகத் தூக்கி, மறுபடி அழுத்தி, வந்த வழியே திருப்பி எடுக்கிறார். இது ஒரு கோட்டுக்கு! தாளும் வேறு. வகுப்பில் கொடுத்தது படிகாரம் ஏற்றிய தாள், மை ஊறாது, கை தயங்கினாலும் தெரியாது. அவருடையது சுவான் என்கிற சீனத் தூரிகைத் தாள், பூச்சில்லாதது, ஒரு நொடி நின்றால் மை பூத்துப் பரவிவிடுகிறது.

பெட்டியில் 'ஓநாய் முடித் தூரிகை' என்று போட்டிருந்ததையும் கேட்டேன். பெயர்தான் ஓநாய், உண்மையில் அது வீசல் என்கிற, கீரி மாதிரியான விலங்கின் வால்முடியாம். என்னுடையது அதுவும் இல்லை. அங்கிள் இரண்டு இழையைப் பிடுங்கி லைட்டரில் காட்டினார். முடி கருகுகிற வாடையே வரவில்லை, உருகி மணியாகத் திரண்டது. நைலான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த நிலை வகுப்பில் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது (அடுத்த நிலையாம்!). சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிக்குள் வழக்குப் போட 10 வெள்ளிதான் கட்டணம், இரண்டு வருடத்துக்குள் போடலாம். ஆனால் ரசீதை எடுத்துப் பார்த்தால் 'பயிற்சி' என்ற வார்த்தையே இல்லை, 'கலை அனுபவம்' என்று இருக்கிறது. விளம்பரத்தையும் நான் படம் பிடித்து வைக்கவில்லை. தூரிகையைச் சொல்லி விடாமல் கேட்டதில் 60 வெள்ளி மட்டும் வந்தது.

நீங்கள் சேர்வதானால் முதல் வகுப்பில் என்ன சொல்லித் தருவீர்கள், சொந்தத் தூரிகை கொண்டுவரலாமா என்று கேளுங்கள், விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள், ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் ஆசிரியரைக் கண்ணெதிரே ஒரு 'ஒன்று' எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பில் எழுதியதில் ஒன்றை என் மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் நீயா எழுதினாய் என்று கேட்கிறார்கள், மை மட்டும் என்னுடையது என்கிறேன்.