"வந்து உட்கார்ந்து ஓட்டினால் போதும்" என்று சொல்லும் கார்டிங் டீமிடம் பணம் கட்டும் முன்

பெரிய கார்டிங் (சின்ன ரேஸ் வண்டிகளான கார்ட்களின் பந்தயம்) சாம்பியன்ஷிப் ஒன்றில் பிள்ளையை இறக்கப் போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சொந்த வண்டி இல்லாமல், ஒரு டீமிடம் மொத்தமாகப் பணம் கட்டி, ஹெல்மெட்டோடு போய் நின்றால் போதும் என்ற ஏற்பாட்டில் போகிறவர்கள் முழுதாகப் படியுங்கள். என் மகள் ஜூனியர் பிரிவில் அப்படித்தான் ஓட்டினாள். வாங்கிய பணத்துக்கு அந்த டீம் எங்களுக்குக் கொடுத்தது சோர்ந்துபோன எஞ்சின், வேறு யாரோ ஓட்டித் தேய்த்த டயர், நாலைந்து பேருக்குப் பொதுவான ஒரு மெக்கானிக். முடிவில் தொழில்நுட்பச் சோதனையில் ஒரு ஹீட்டின் (ஃபைனலுக்கு முந்தைய சுற்றுப் போட்டி) முடிவே பறிபோனது. அதற்கும் பொறுப்பு நாங்கள்தான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பேச்சில் சொன்னது நிறைய: நல்ல சேஸி (வண்டியின் சட்டகம்), புதிதாக ரீபில்ட் செய்த, அதாவது பிரித்துப் புதுப்பித்த எஞ்சின், புது டயர், தனி மெக்கானிக், டேட்டா பார்த்துச் சொல்லித்தர ஒரு கோச், டென்டில் இடம், என்ட்ரி வேலைகள். கையெழுத்துக்கு வந்த தாளில் இருந்தது வேறு. "எஞ்சின் 1, டயர் விதிப்படி, மெக்கானிக் உதவி உண்டு." ரீபில்ட் என்ற சொல்லே அதில் இல்லை. கேட்டதற்கு, "சார், எல்லா டீமும் இதே ஃபார்ம்தான் யூஸ் பண்றாங்க" என்றார் உரிமையாளர். அன்றிலிருந்து மற்ற டீம்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துவிட்டேன். எஞ்சின் எண்ணையும் அதன்மேல் வைத்த சீல் எண்ணையும் குறிப்பிட்டுத் தரும் டீம்கள் இருக்கின்றன. அவர் சொன்னது உண்மை இல்லை.

எஞ்சின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றின் பெரும்பகுதி அங்கேதான். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் எஞ்சினை மட்டுமே வைத்து ஓடும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் மாதிரியான பிரிவுகளில் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் திறந்து வேலை பார்த்து, எண் போட்ட சீல் வைத்துத் தரும். அந்த எண் எஞ்சினின் அடையாள அட்டையிலும் பதிவாகும். சீல் இருந்தால் எல்லா எஞ்சினும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடைசியாக அதைத் திறந்தவர் அங்கீகாரம் பெற்றவர், அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதை மட்டும்தான் சீல் சொல்லும். அதற்குப் பிறகு அது எத்தனை மணி நேரம் ஓடியது, பிஸ்டனும் ரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைச் சொல்லாது. ரோட்டாக்ஸின் உலக இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனல்ஸில் வண்டியையும் எஞ்சினையும் ஏற்பாட்டாளர்களே கொண்டுவந்து குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே இந்தப் பிரச்சினைக்கு இடம் குறைவு. டீம்களே எஞ்சின் கொண்டுவரும் மற்ற சாம்பியன்ஷிப்களில், ஒரே டென்டுக்குள்ளேயே யாருக்கு எந்த எஞ்சின் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சர்வதேச அளவில் ஓடும் ஓகே-ஜூனியர் பிரிவிலும் இதே கதைதான். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வரம்பு எல்லோருக்கும் 14,000 என்றாலும், அந்த வரம்புக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில் எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம் உண்டு.

எங்களுக்குக் கிடைத்த எஞ்சினின் அடையாள அட்டையைப் பயிற்சி நாளிலேயே கேட்டேன். "ட்ரக்ல இருக்கு சார், அப்புறம் காட்டறேன்" என்றார்கள். கடைசி வரை காட்டவில்லை.

முதல் பயிற்சியிலேயே நேரம் வரவில்லை. டீமின் கோச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "உங்க பொண்ணு பிரேக்கை சீக்கிரமே பிடிக்கிறா சார்." பதிமூன்று வயதுப் பிள்ளை அதைக் கேட்டு ஒவ்வொரு வளைவிலும் இன்னும் தாமதமாகப் பிரேக் பிடிக்கப் பார்த்து, சுழன்று வெளியே போனாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். பணம் போனதைவிட, தன் கையில் இல்லாத குறைக்கு அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு அழுதது பெரிய அநியாயம்.

உண்மையைக் கண்டுபிடித்தது வீட்டில் உட்கார்ந்து லைவ் டைமிங் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி. பெரிய போட்டிகளில் ஒவ்வொரு லேப்பின் (ஒரு முழுச் சுற்று) செக்டார் நேரமும், அதாவது சுற்றைப் பகுதிகளாகப் பிரித்து எடுக்கும் நேரமும், உடனுக்குடன் இணையத்தில் வரும். "அண்ணா, முதல் ரெண்டு செக்டார்ல அவ கூட ஓடறவங்களுக்குச் சமமா இருக்கா. மூணாவதுலதான் மொத்தமும் போகுது" என்று போனில் சொன்னான். அந்த மூன்றாவது செக்டாரில்தான் நீண்ட நேர்பாதை இருக்கிறது. பெரிய சாம்பியன்ஷிப்பில் ஒரு நொடிக்குள் பாதிப் பட்டியல் அடங்கிவிடும். நேர்பாதையில் சிறிதளவு இழந்தாலே குவாலிஃபையிங்கில் (நேரத்தை வைத்து வரிசை முடிவு செய்யும் ஓட்டம்) வெகுதூரம் பின்னால் போய்விடுவோம். அதை வைத்துத்தான் ஹீட்களில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறோம் என்பது முடிவாகும். பின்னாலிருந்து கிளம்பினால் முதல் வளைவு மோதல்களில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

வண்டியின் ஸ்டீயரிங்கில் மைக்ரோன் மாதிரி ஒரு டேட்டா கருவி இருக்கும். ஆர்.பி.எம்., ஜி.பி.எஸ். வேகம், தண்ணீர் வெப்பநிலை எல்லாம் அதில் பதிவாகும். இரண்டு ஓட்டுநர்களின் லேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யார் எங்கே இழக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வளைவின் நடுவில் வேகம் குறைந்தால் ஓட்டும் முறையையோ சேஸி செட்டப்பையோ பார்க்கலாம். வளைவிலும் அதைவிட்டு வெளியே வரும்போதும் வேகம் சமமாக இருந்து, நேர்பாதையின் கடைசியில் மட்டும் பின்தங்கினால் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), கார்புரேட்டர், பிரேக் உரசல், ஆக்சில் பேரிங் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். அவை சரியென்றால் மிச்சம் எஞ்சின்தான். ஒப்பிடும்போது, முன்னால் போகும் வண்டியின் காற்று மறைவில் ஓடிய லேப்பை எடுக்கக் கூடாது. அந்த மறைவில் யாருக்குமே வேகம் கூடும். அதே டென்டில் ஓட்டிய இன்னொரு பையனின் டேட்டாவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னேன். "அது கான்ஃபிடென்ஷியல்" என்று மறுத்துவிட்டார்கள். டேட்டா கோச்சிங்குக்கு எங்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள்.

டயர் கதை இன்னும் மோசம். குவாலிஃபையிங் முதல் ஃபைனல் வரை போடும் டயர்களில் பார்கோடு இருக்கும். ஓட்டுநர் பெயரில் பதிவாகும். அதில் யாரும் விளையாட முடியாது. விளையாடுவது அதற்கு முந்தைய பயிற்சி நாட்களில். புது ஸ்லிக் (பட்டன் வரிகள் இல்லாத வழவழப்பான) டயரில் மேற்பரப்பு மங்கலாக, அச்சில் வார்த்தபோது வந்த மெல்லிய ரப்பர் மயிர்களோடு இருக்கும். தேய்மானம் பார்க்கச் சின்னச் சின்னக் குழிகளும் இருக்கும், அவற்றின் ஆழம் குறைந்திருந்தால் ஓடிய டயர். எங்கள் வண்டியில் மாட்டியிருந்ததில் குழிகள் கிட்டத்தட்ட மறைந்திருந்தன. "ஸ்க்ரப் பண்ணி வெச்சிருக்கோம் சார், அதான் நல்லது" என்றார்கள். ஸ்க்ரப் செய்வது என்றால் ஓரிரு சுற்று ஓட்டி மேல் பூச்சைப் போக்குவது. குழி மறையும் வரை ஓட்டுவது அல்ல. பில்லில் அது புது செட் என்றே இருந்தது.

மெக்கானிக் பையன் நல்லவன், நிஜமாகவே உழைத்தான். ஆனால் அவன் ஒருவன் எத்தனை வண்டியைப் பார்ப்பான்? ஒரு ஹீட்டுக்கு முன் வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கான கிரிட் கேட் மூடப் போகும் கடைசி நிமிடத்தில்தான் எங்கள் வண்டி ட்ராலியில் வந்தது. முன் பம்பரின் கிளாம்ப்பைச் சரியாக இறுக்க நேரமில்லை. லேசான உரசலிலேயே பம்பர் உள்ளே போய்விட்டது. பம்பர் இடம் மாறிய நிலையில் முடிவுக் கோட்டைக் கடந்தால் 5 விநாடி அபராதம். கார்டிங்கில் 5 விநாடி என்றால் பத்து இடம் போகும்.

நான் தொடர்ந்து சண்டை போட்டதால் அடுத்த ஹீட்டுக்கு எஞ்சினை மாற்றிக் கொடுத்தார்கள். வித்தியாசம் முதல் சுற்றிலேயே தெரிந்தது. ஒவ்வொருவராகப் பிடித்து முன்னேறினாள், என் தம்பி போனில் கத்திக்கொண்டே இருந்தான். ஹீட் முடிந்து வண்டியை எடை பார்த்து, பார்க் ஃபெர்மேயில் (போட்டி முடிந்த வண்டிகளை யாரும் தொடாமல் வைத்துச் சோதிக்கும் இடம்) எஞ்சின் எண்ணைச் சரிபார்த்தார்கள். அந்த எஞ்சின், அவள் பயன்படுத்தும் பாகங்களைப் பதிந்த தொழில்நுட்பப் படிவத்திலேயே இல்லை. டென்டில் வேறொரு பையன் பெயரில் பதிந்ததைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், படிவத்தை மாற்றவும் இல்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. ஹீட் முடிவு ரத்து.

போட்டி விதிகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்டுகள் முன்னால் போனபோதுதான் அடுத்த அடி. என்ட்ரி படிவத்தில் "என்ட்ரன்ட்" (வண்டியைப் போட்டியில் பதிவு செய்பவர்) என்ற இடத்தில் டீமின் பெயர் இல்லை, என் பெயர் இருந்தது. படிவத்தை நிரப்பி அனுப்பியது டீம்தான். இந்த விளையாட்டின் விதிப்படி வண்டி விதிமுறைக்கு உட்பட்டு இருக்கிறதா என்பதற்கு என்ட்ரன்ட்தான் பொறுப்பு. எதிர்ப்பு மனு கொடுக்கும் உரிமையும் அவருக்கே. ஸ்டூவர்டுகள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் முடிவில் தவறு சொல்ல மாட்டேன், எண் பொருந்தவில்லை என்றால் வேறு வழி கிடையாது. டீம் உரிமையாளர் அந்த அறைக்கே வரவில்லை. டீம் உங்களுக்கு வண்டியையும் எஞ்சினையும் கொடுத்து அதைத் தானே பராமரிக்கிறது என்றால், என்ட்ரன்ட் உரிமமும் அதன் பெயரில் இருக்கட்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அந்த டீம் வேண்டாம். படிவத்தின் நகலை அனுப்புவதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள்.

சேதத்துக்கான டெபாசிட் இன்னொன்று. திரும்பக் கேட்டபோது சேஸி வளைந்துவிட்டது, ஆக்சிலும் ஸ்டப் ஆக்சிலும் (முன் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போய்விட்டன என்றார்கள். வண்டியை முதன்முதலில் எங்களிடம் காட்டியபோதே அதன் அடிக்குழாய்கள் கெர்பில் (பாதை ஓரத்து மேடு) உரசி உரசித் தட்டையாகியிருந்தன, ஓரிடத்தில் பழைய வெல்டிங் தடம் இருந்தது. என் மகள் வண்டியின் மேல் உட்கார்ந்து எடுத்த படங்களுக்கு நடுவே அது ஒன்றில் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை அனுப்பினேன், பதில் இல்லை. வண்டி கைக்கு வந்ததும் அதைச் சாய்த்து அடிப்பக்கத்தை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற டீமை அங்கேயே விட்டுவிடலாம்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா பேத்தியின் ரேஸைப் பார்க்க இணையத்தில் தேடியிருக்கிறார். "லைவ்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு இணைப்பு, போட்டியின் போஸ்டரே அதில் இருந்திருக்கிறது. பார்க்க இலவசம், ஆனால் பதிவு செய்ய கிரெடிட் கார்டு எண் வேண்டும் என்று கேட்டது. கொடுத்ததும் மாதச் சந்தா என்று பணம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், ரேஸ் எதுவும் ஓடவில்லை. வங்கியில் சொல்லி கார்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. உண்மையான நேரலை இலவசமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏற்பாட்டாளர்களின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருக்கும் இணைப்பைப் போகும் முன்பே வீட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், லைவ் டைமிங் இணைப்பையும் சேர்த்து. கமென்ட்களில் வரும் எந்த இணைப்பையும் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். டீமுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான பண விவகாரத்தில் தாங்கள் தலையிட முடியாது, எஞ்சின் மாற்றிய விஷயத்தை மட்டும் விசாரிக்கலாம் என்று பதில் வந்தது. உரிமம் கொடுக்கும் அமைப்புக்கும் படங்கள், செக்டார் நேரப் பட்டியல், மெசேஜ்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். டெபாசிட் வரவில்லை. எந்தப் பாகம் உடைந்தது, என்ன விலை என்ற பட்டியலும் இதை எழுதும் வரை வரவில்லை. ஏதாவது நகர்ந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.