16 அடி படகும் அதை இழுத்துப் போன டிரெய்லரும்: லெ மோர்னில் மூன்று முகாம்களுக்குப் பிறகு

படகு வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. மொரிஷியஸின் தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மோர்ன் கடற்கரையில் இதுவரை மூன்று தடவை கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம், மூன்று தடவையும் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டுதான் போனோம். மொரிஷியஸில் இருக்கிற நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் "வாங்கலாமா, தேறுமா?" என்று கேட்டதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படகு அருமை, எஞ்சினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, டிரெய்லர்தான் எங்களை நடுரோட்டில் நிறுத்தியது. வாங்கப் போகிறவர்கள் படகைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து டிரெய்லரைப் பாருங்கள்.

16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஒற்றை அச்சு டிரெய்லர். எல்லாம் பழையது, மொத்தமாக மூன்று லட்சம் மொரிஷியஸ் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தது. நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரன், சின்ன வயதிலிருந்து வள்ளத்தில் போய்ப் பழகியவன், ஆனால் எங்கள் ஊரில் படகு கரையிலேயே கிடக்கும், வீட்டிலிருந்து ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற வேலை கிடையாது. அதனால் ஃபைபரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன், எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், பின்புறம் தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சுகிறதா என்று பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

முதல் பயணம் நன்றாகவே போனது. இரண்டாவது தடவை திரும்பி வரும்போது, ரிவியேர் நுவார் ஊரைத் தாண்டியதும், மச்சான் கண்ணாடியை இறக்கி, "அத்தான், ஏதோ தீயுற வாசனை வருது" என்றான். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்தின் நடுமூடியில் புறங்கையைக் கூட வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பிள்ளைகளையும் சாமான்களையும் வேறு வண்டியில் அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரை அங்கேயே நின்றோம். மறுநாள் மெக்கானிக் கடையில் மூடியைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் இல்லை, பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு கூழ்தான் இருந்தது. சக்கரத்தைச் சுழலவைக்கிற பேரிங் உருளைகள் துருவேறி, இரண்டு நசுங்கியே போயிருந்தன. விற்றவரைக் கூப்பிட்டேன், "எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தேன்" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரம் கழன்றிருந்தால் பின்னால் வருகிற வண்டிக்காரனின் கதி என்ன?

இது ஏன் நடக்கிறது என்று மெக்கானிக் சொன்னது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். கத்ர் போர்னிலிருந்து தமரின் வழியாக, படகை இறக்குகிற லா கோலெட் வரை இழுத்து வந்தால் சக்கரத்தின் நடுப்பகுதி சூடேறிவிடும், உள்ளே இருக்கிற காற்றும் விரிந்திருக்கும். வந்த சூட்டோடு டிரெய்லரைக் கடலுக்குள் பின்னால் தள்ளினால் சட்டென்று குளிர்ந்து அந்தக் காற்று சுருங்கும், சுருங்கும்போது ரப்பர் சீலின் ஓரமாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தடவை புகுந்த உப்பு நீர் போதும், மிச்ச வேலையைத் துரு பார்த்துக்கொள்ளும். இப்போது புது பேரிங், புது சீல், கடலுக்கென்றே விற்கிற கிரீஸ், உள்ளே ஸ்பிரிங் வைத்து கிரீஸை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கிற மூடி, எல்லாம் போட்டாயிற்று. கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் காத்திருக்கிறோம். அது வீணான நேரம் இல்லை, வடிகால் துளைக்கு அடைப்பான் போட்டாயா என்று பார்க்க, கட்டின வார்களை அவிழ்க்க, டிரெய்லர் விளக்கின் பிளக்கைக் கழற்ற, தண்ணீர் கேன்களை ஏற்ற அந்த நேரம் சரியாக இருக்கும். பிளக்கைக் கழற்றாமல் இறக்கினால் சூடான பல்பு வெடிக்கும், ஃபியூஸும் போகும்.

டிரெய்லர் சட்டத்திலும் குறை உண்டு. துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு இல்லை, வெறும் பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் துரு எழும்பியிருந்ததைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். சட்டத்தையே மாற்றிவிட்டேன். படகு உட்காருகிற இடத்தில் இருந்த சின்ன ரப்பர் உருளைகள் அடிப்பகுதியில் குழி விழ வைத்திருந்தன, அவற்றை எடுத்துவிட்டு நீளப் பலகைக்குக் கம்பளம் சுற்றிப் போட்டிருக்கிறேன். இப்போது படகு பாயில் படுத்த மாதிரி உட்காருகிறது, வின்ச்சில் ஏற்றுவதும் சுலபம்.

சரி, படகுக்கு வருகிறேன். கடைசியாகப் போனது நவம்பர் 2, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய நாளுக்கான விடுமுறை. பீச் அதாரிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். படகுக்கும் ஓட்டுகிறவருக்கும் டூரிசம் அதாரிட்டியின் உரிமம் வேண்டும், இந்த இரண்டையும் கடைசி வாரத்தில் தேடி ஓடாதீர்கள். மனைவியும் பிள்ளைகளும் மாமனாரும் கூடாரத்தோடு வண்டியில் லெ மோர்ன் போய்விட்டார்கள், நானும் மச்சானும் லா கோலெட்டில் படகை இறக்கிக் கழி, அதாவது பவளப் பாருக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற ஆழமில்லாத கடல், வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

இங்கே நீர் ஏற்ற இறக்கம் மொத்தமே அரை மீட்டர் அளவுதான். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் போகும்போது அந்த அரை மீட்டர்தான் புரொப்பல்லரைக் காப்பாற்றும் அல்லது உடைக்கும். இந்தப் படகில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: எஞ்சினைப் பாதி தூக்கிவிட்டு மெதுவாகப் போனால் ஒரு முழம் தண்ணீர் இருந்தாலே மிதந்துபோகும். வெளிர் பச்சை என்றால் மணல், தவிட்டு நிறத் திட்டு என்றால் பவளம், கருநீலம் என்றால் ஆழம். சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போதுதான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும், சாயங்காலம் மேற்கே பார்த்துப் போனால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடு, ஒன்றும் தெரியாது. அதனால் இல் ஓ பெனித்தியேவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது காலையில்தான். பெனித்தியே என்றால் பெரிய சிப்பி, தீவுக்கு அந்தப் பெயர் அதனால்தான். பவளப் பாரில் இடைவெளி விட்டிருக்கிற வாய்ப்பக்கம் மட்டும் போகவே மாட்டேன். கழிக்குள் விழுகிற தண்ணீரெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே இழுத்துக்கொண்டு ஓடும், அங்கே எஞ்சின் நின்றால் துடுப்பால் சமாளிக்க முடியாது. பெட்ரோலிலும் அதே கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடுவதில்லை.

குறை என்று சொன்னால், அணியம், அதாவது படகின் முன்முனை, தாழ்வு. மத்தியானத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று, எங்கள் ஊர்க் கொண்டல் மாதிரி விடாமல் அடிக்கிற காற்று, அதை எதிர்த்து வந்தால் முன்னால் உட்கார்ந்தவர் முழுக்க நனைவார். ஈரம் படாத பெட்டி ஒன்றும் கிடையாது, போர்வை, அரிசி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டிரம்மில்தான் வைக்கிறோம். வெயிலுக்குக் கூரையும் இல்லை, நவம்பரில் அது பெரிய குறை.

ராத்திரி படகை மணலில் இழுத்துப் போடுவதில்லை, இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்துகிறோம், ஒன்று அணியத்திலிருந்து ஆழத்தில், இன்னொன்று பின்னாலிருந்து கரைப்பக்கம். மாமனார் இந்த விஷயத்தில் கறார். முதல் ராத்திரி டார்ச்சோடு இறங்கி வந்து, "மாப்பிள்ளை, கயிறு பத்தாது, இன்னும் விடுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி, கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் நங்கூரம் மணலில் படுத்துக் கடிக்கும், குறைவாக இருந்தால் எழும்பி எழும்பி இழுபடும். விடியற்காலை நான்கு மணிக்குக் காற்று திரும்பியபோது எழுந்து பார்த்தேன். சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன, லெ மோர்ன் மலை கருப்பாக நின்றது, படகு விட்ட இடத்திலேயே இருந்தது. அந்த மலையில் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 556 மீட்டர் பாறையின் அடியில் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு எளிதாக முடிந்தது. லா கோலெட்டில் மீனவரிடம் வாங்கிய கொர்தொன்யே மீனைப் பொரித்து, மனைவி அரைத்த சதினி கொக்கோவோடு ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம். நம் தேங்காய்ச் சட்னிதான், கொஞ்சம் புளியும் புதினாவும் தூக்கலாக. ஊரித், அதாவது ஆக்டோபஸ், பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். கரையிலேயே டேங்கை நிரப்பி, புனலுக்கடியில் துணி வைத்து, மூடி இறுக்கிய பிறகு ஏற்றுங்கள். 2020-இல் வாகாஷியோ கப்பல் பாரில் ஏறி எண்ணெய் கொட்டியபோது, கரும்புச் சருகை அடைத்துத் தடுப்பு தைத்த கூட்டத்தில் நானும் நின்றேன், அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. நாம் சிந்துவது ஒரு கைப்பிடி என்றாலும் அதே மாதிரிக் கழியில்தான் சிந்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லர் ஸ்பிரிங், நட்டு, வின்ச் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். மழைக்கு முந்தின மாதங்களில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்துவிட்டால் குழாய் போட்டுக் கழுவ முடியாது, அதற்காக மழைத்தண்ணீர் பிடித்த டிரம்மை வைத்திருக்கிறேன், எஞ்சினின் கீழ்ப்பகுதியை அதற்குள் இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் உப்பு போய்விடும்.

இந்தப் படகைத் திரும்ப வாங்குவேனா என்றால் வாங்குவேன், ஆனால் டிரெய்லருக்கு ஆன 45,000 ரூபாயை விலையில் கழித்துக்கொண்டுதான். கூட்டமாக ஆறு ஏழு பேர் போகிறவர்களுக்கு இது போதாது, நான்கு பேர், கொஞ்சம் சாமான் என்றால் பொருத்தம். இப்போது சூறாவளிக் காலம் தொடங்குகிறது. எஞ்சினைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று, வடிகால் அடைப்பானை எடுத்துவிட்டு, அணியத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, மாமரத்தடியில் இல்லாமல் சுவர் ஓரமாக நான்கு பக்கமும் தரையில் முளை அடித்துக் கட்டியிருக்கிறோம். மே மாதம் வரை அங்கேதான் இருக்கும்.