சப் பேஸுக்கு எது: சைன் அலையா, 808-ஆ, ரீஸ் பேஸா?

பாட்டு தயாரிக்கும்போது சப் பேஸை, அதாவது சுமார் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான அடிப்பகுதியை நிரப்பப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறோம்: சிந்த்தில் (சிந்தசைசர்) வெறும் சைன் அலை, 808 கிக் டிரம்மின் சாம்பிள் (பதிவுத் துண்டு), டீட்யூன் செய்த, அதாவது சுருதி சற்றே விலகிய அலைகளைச் சேர்த்த ரீஸ் பேஸ். என் ஓட்டு சைனுக்கு.

காரணம் எளிது. சைனில் அடிப்படை அதிர்வெண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. மிக்ஸில் எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே தெரியும். ஆனால் நோட் தொடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரலாம். அலையை உருவாக்கும் ஆசிலேட்டரின் ஃபேஸை (அலை தொடங்கும் புள்ளி) ஒவ்வொரு நோட்டுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வைத்து, அட்டாக்கை (ஒலி ஏறும் நேரம்) சில மில்லிசெகண்ட் ஏற்றினால் போய்விடும். இன்னொரு குறை, போன் ஸ்பீக்கரில் சைன் சுத்தமாகக் காணாமல் போகும். அதற்குத்தான் சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைப்பது. 41 ஹெர்ட்ஸ் நோட்டுக்கு மேலே 82, 123 என்று அதன் மடங்குகளான ஹார்மோனிக்குகள் முளைக்கும். அவற்றை வைத்தே காது அடி நோட்டை ஊகித்துக்கொள்ளும். கொஞ்சமாகப் போடுங்கள், ஃபஸ் (கரகரப்பு) ஆகிவிட்டால் அது சப் இல்லை.

808 வேறு ஜாதி. ரோலண்ட் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் கிக்கை நீட்டினால் அதுவே பேஸ். தொடக்கத்தில் ஒரு குத்து, பின்னால் நீண்ட வால். டிராப் (trap) பாணி இசைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சாம்பிளின் சுருதியை முதலில் சரிபார்க்க வேண்டும். சாதாரண சாம்பிளரில் ஒரு ஆக்டேவ் ஏற்றினால் நீளம் பாதியாகிவிடும், அதனால் மேலும் கீழும் தாவும் மெட்டுக்கு ஒத்துவராது. தனி கிக்கையும் சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ரீஸ், டெக்னோ கலைஞர் கெவின் சாண்டர்சன் 1988-இல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட டிராக்கிலிருந்து வந்த சத்தம். கேட்க அட்டகாசம்தான், ஆனால் சப் வேலைக்கு நம்ப முடியாது. 55, 55.5 ஹெர்ட்ஸில் இரண்டு சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலைகளை ஒரே அளவில் சேர்த்துப் பாருங்கள். 2 விநாடிக்கு ஒருமுறை அடிப்படை அதிர்வெண் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் ஹார்மோனிக்குகள் ஓடிக்கொண்டே இருப்பதால் ஹெட்ஃபோனில் இது தப்பிவிடும். பெரிய ஸ்பீக்கரில் பேஸ் வந்து வந்து போகும். ரீஸில் 100 ஹெர்ட்ஸ் வாக்குக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டி, கீழே மோனோவில் ஒரு சைனைப் போடுவதுதான் வழக்கம். அப்புறம் சப் என்னவோ சைன்தானே!

எதை எடுத்தாலும் பாட்டின் கீயை (அடிப்படைச் சுருதி) கவனியுங்கள். கீழ் சி 32.7 ஹெர்ட்ஸ், சின்ன மானிட்டர்களில் மெலிந்துபோகும். அதே பேஸ்லைனை எஃப்-க்கு ஏற்றினால் 43.65. ப்ளக்-இன் எதுவும் மாற்றாமலே சப் தடித்துவிடும்.