ஏர்ஃபிக்ஸ் ஆர்.ஏ.எஃப். எமர்ஜென்சி செட்: இரு நாட்டு விமானப்படைகளுக்கும் உழைத்த வண்டிகள்

1/72 அளவில் (அசலின் 72இல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் மாதிரி நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட இந்தப் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பில், இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்டின் கே2 ஆம்புலன்சும் மூன்று அச்சுகள் கொண்ட ஆஸ்டின் கே6 தீயணைப்பு வண்டியும் உள்ளன. பெயரில் ஆர்.ஏ.எஃப். எனப்படும் பிரிட்டிஷ் விமானப்படை மட்டுமே இருப்பதால், இவற்றை லங்காஸ்டர் போன்ற பிரிட்டிஷ் விமானங்களின் அருகில்தான் நிறுத்த வேண்டும் என்று பலர் கருதிவிடுகிறார்கள். அப்படிக் கருதுபவர்கள் இத்தொகுப்பின் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

அமெரிக்காவின் எட்டாவது வான்படை 1942இல் இங்கிலாந்துக்கு வந்தபோது, அதற்குத் தேவையான அனைத்தையும் அட்லாண்டிக் கடந்து கொண்டுவரக் கப்பல்களில் இடம் போதவில்லை. அமெரிக்கா பிரிட்டனுக்குத் தளவாடம் வழங்கிய 1941ஆம் ஆண்டின் கடன்-குத்தகைச் சட்டத்தை நாம் அறிவோம். பிரிட்டன் அமெரிக்கப் படைகளுக்குப் பொருள்களும் சேவைகளும் வழங்குவதற்கு 1942 செப்டம்பர் 3 அன்று உடன்பாடு ஏற்பட்டதைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வழியில் அமெரிக்கர்களிடம் சென்ற வண்டிகளில் கே2 ஆம்புலன்சும் ஒன்று. நான்கு படுக்கை நோயாளிகளையோ, உட்கார்ந்து வரக்கூடிய பத்துப் பேரையோ ஏற்றக்கூடிய இவ்வண்டி சுமார் 13,000 என்ற எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. ஓட்டுநர் அறைக்குக் கதவு கிடையாது, கித்தான் திரைதான்.

இத்தொகுப்பை வைத்து ஒரு காட்சி அமைக்க விரும்புபவர்களுக்கு நான் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இருந்த உட்பிரிட்ஜ் விமானத்தளத்தையே பரிந்துரைப்பேன். 1943 நவம்பரில் திறக்கப்பட்ட அத்தளத்தின் ஓடுபாதை 3,000 கெஜ நீளமும் 250 கெஜ அகலமும் கொண்டது. சேதமடைந்த விமானங்கள் அவசரமாக இறங்குவதற்கென்றே அது அமைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்தோ, இயந்திரம் எரிந்தோ, சக்கரங்கள் இறங்காமலோ அங்கு வந்து சேர்ந்த விமானங்கள் போர் முடிவதற்குள் 4,000ஐத் தாண்டின. அவற்றில் பிரிட்டிஷ் விமானங்களும் இருந்தன, அமெரிக்க விமானங்களும் இருந்தன. (1944 ஜூலையில் ஜெர்மன் யுங்கர்ஸ் 88 போர் விமானம் ஒன்றுகூட வழிதவறி அங்கு இறங்கியது.) இறக்கையில் பிரிட்டிஷ் வட்டமா அமெரிக்க நட்சத்திரமா என்று பார்த்தா தீயணைப்பு வண்டி புறப்பட்டிருக்கும்? ஆகவே, பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்துக்கு அருகில் பிரிட்டிஷ் கே6 நிற்பது வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்தும். அந்தச் சேர்க்கையைச் செய்துபார்க்க வாய்ப்பளிப்பதையே இத்தொகுப்பின் முதன்மைச் சிறப்பாக நான் மதிக்கிறேன்.

இதன் பாகங்களை வார்க்கும் அச்சு பல பத்தாண்டுகளுக்கு முற்பட்டது என்பதால், இன்றைய புதிய அச்சுகளின் கூர்மையை இதில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து பிரித்ததும் விளிம்புகளைக் கத்தியாலும் மெல்லிய உப்புத்தாளாலும் சீராக்கிக்கொள்வது நல்லது. ஆனால் கே2வின் பெட்டி போன்ற பின்பகுதியும், அதற்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி அமைந்துள்ளன. இந்த அளவில் கே2 சுமார் ஏழரை சென்டிமீட்டர் நீளமே வரும். பி-17இன் இறக்கை விரிவோ 44 சென்டிமீட்டர் வரை செல்லும் என்பதால், அடித்தளப் பலகையை வாங்கும்போதே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கே2வை ஓர் அமெரிக்கத் தளத்து வண்டியாகவே அமைக்க விரும்புபவர்கள், தாங்கள் தேர்ந்தெடுக்கும் தளத்தின் போர்க்கால ஒளிப்படங்களை முதலில் தேடிப் பார்த்து, அதற்கேற்ற நிறத்தையும் குறியீடுகளையும் முடிவு செய்த பிறகு வண்ணம் தீட்டத் தொடங்கலாம். கே6ஐ உட்பிரிட்ஜ் காட்சியில் வைப்பவர்களுக்கு அந்த மாற்றம் தேவையில்லை, ஏனெனில் அத்தளத்தை நடத்தியது பிரிட்டிஷ் விமானப்படையே.